மயிலுக்குக் குளிர்கிறதா? மலையிலிருந்து கொண்டுபோகும் சின்னப் பரிசுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் மதுரையில் இருக்கும் அத்தைக்கு ஒரு ஹைட்ராஞ்சியா செடி கொண்டுபோனேன். கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் அது யாரும் கவனிக்காமலே நீலநீலமாகப் பூத்துத் தள்ளும். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு பஸ். பக்கத்து சீட்டுக்காரர் இறங்கும்வரை பூவையே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தைக்கும் ஏக சந்தோஷம். பதினைந்து நாள் கழித்து போன் செய்து, செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்குத்தா" என்றார். அடுத்த முறை போனபோது அதே தொட்டியில் கற்பூரவல்லி தழைத்திருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பங்குனி வெயிலில், மதுரை மொட்டை மாடியில், குளிர்நாட்டுச் செடி. செலவு என்னவோ பஸ் டிக்கெட் மட்டும்தான். ஆனால் அந்தச் செடியைச் சாகவிட்டோமே என்ற சங்கடத்தையும் சேர்த்து அல்லவா அத்தைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்!

எங்கள் மலைக்கு இது புதிதில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன் இந்தப் பக்கத்து ஆள். சங்கப் பாடல்களில் வரும் அவன் ஊரான பொதினிதான் இன்றைய பழனி என்பார்கள். மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையை எடுத்து அதற்குப் போர்த்தினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அடடா என்றிருந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது. மழைமேகத்தைக் கண்டு தோகை விரித்த மயிலுக்கு ஏது குளிர்? குளிர் பேகனுக்கு. அவன் மனசு பெரிது, அதில் சந்தேகமே இல்லை. போர்வையை வைத்துக்கொண்டு மயில் என்ன செய்தது என்றுதான் யாரும் பாடவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் அடிக்கடி ஒரு கேள்வி வரும்: மயிலுக்குக் குளிர்கிறதா? பணம் அதிகம் இல்லாதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஐயாயிரம் ரூபாய்ப் பரிசு பொருந்தாவிட்டாலும் ஐயாயிரம் ரூபாய்ப் பரிசுதான். நூறு ரூபாய்ப் பரிசு பொருந்தாவிட்டால் அதில் எதுவுமே மிஞ்சாது.

முதலில் மொய்யைத் தனியாக வையுங்கள்

திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கம் மொய் என்பது கொடுக்கல் வாங்கல். வீட்டில் மொய் நோட்டு இருக்கும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று அதில் இருக்கும், திருப்பிச் செய்தாக வேண்டும். அதை நிறுத்திவிட்டுக் கைப்பின்னல் மப்ளரை நீட்டினால் உறவில் பேச்சு வரும். மொய்யை மொய்யாகச் செய்துவிடுங்கள். நான் சொல்லும் பரிசுக்கு நோட்டில் வரவும் இல்லை, பற்றும் இல்லை. கல்யாண மேடையில் வரிசையில் நின்று கொடுக்கும் பொருளும் இதில் சேராது. அங்கே கொடுத்தால் ஐந்தாறு சுவர்க் கடிகாரங்களுக்கு நடுவே உங்களுடையதும் ஒன்றாகிவிடும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்போ, ஒரு மாதம் பின்போ வீட்டுக்குப் போய்க் கொடுங்கள்.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

மொய் நோட்டு மாதிரியே ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். என்ன வாங்கித் தரலாம் என்று அதில் எழுதாதீர்கள். அவர்கள் போகிற போக்கில் சொன்னதை எழுதுங்கள். "மிக்ஸி சட்னி வாயில் வைக்க முடியலை." "வண்டியில் போகும்போது காதுக்குள்ள காத்து போகுது." "பையன் போட்டோ எல்லாம் பழைய போனோடு போச்சு." யாரிடமும் எதையும் கேட்காமல் சொல்லும் முனகல்கள் இவை. பரிசுக்கான விதை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. நேராகப் போய் "உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டால் நம் ஆட்கள் "எனக்கெதுக்குப்பா, ஒண்ணும் வேணாம்" என்றுதான் சொல்வார்கள்.

முனகல் தவிர மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: சாப்பாட்டில் எதை விலக்குகிறார்கள், வீட்டில் வெயிலும் இடமும் எவ்வளவு, பொருளைப் பராமரிக்க நேரம் இருக்கிறதா. ஹைட்ராஞ்சியா விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

படி 2: கணக்கும் காலண்டரும்

என் வரம்பு ஆளுக்கு இருநூறு ரூபாய், பஸ் கட்டணம் சேர்க்காமல். உங்களுடையது ஐம்பதாகவும் இருக்கலாம். ஒரு வரம்பு இருந்தால்தான் கடைசி நாளில் பதறிப்போய்க் கடையில் கண்ணில் பட்டதை அள்ள மாட்டோம்.

காசைவிட நாள்தான் முக்கியம். மலிவான பரிசுக்கு விலை நாள்கணக்கில்தான் கொடுக்க வேண்டும். பதியன் வேர் பிடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம். மப்ளர் பின்ன, இராத்திரி ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் மூன்று நான்கு வாரம். தோசைக்கல்லைப் பழக்க ஒரு வாரம். காப்பிப் பழம் கார்த்திகை மார்கழியில்தான் சிவக்கும், எனவே காப்பிப் பரிசு பொங்கலுக்கும் அதற்குப் பிறகும்தான். பிளம்ஸ் மே மாதத்தில் வரும். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆரம்பிக்க வேண்டிய நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

படி 3: என்ன செய்வது என்று முடிவெடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் கைவினைப் பொருள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஐஸ் குச்சியில் பேனா ஸ்டாண்ட் செய்யப் போகிறார்கள். வேண்டாம். செய்யத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்காமல், நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். முனகலை எடுத்துக்கொண்டு, அதற்கு என் வீட்டில், என் ஊரில், என் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு நன்றாக வந்த சிலவற்றைச் செய்முறையோடு சொல்கிறேன்.

பரணில் கிடக்கும் தோசைக்கல்

இதற்குச் செலவு கிட்டத்தட்ட சுழியம். நான் கொடுத்ததிலேயே அதிகம் கொண்டாடப்பட்டதும் இதுதான்.

சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புது வீட்டில் ஒட்டாத தவா மட்டும்தான் என்றும், அப்பத்தா சுட்ட மாதிரி தோசை வரவே இல்லை என்றும் ஒருநாள் சொன்னாள். அப்பத்தாவின் கல் எங்கள் வீட்டுப் பரணில் துருவேறிக் கிடந்தது. எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் தேடலாம். விரிசல் இருக்கிறதா, அடி சமமாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், துருவை எடுக்க வேண்டும். புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கல் முழுக்கத் தடவி இரவு விட்டுவிடுங்கள். காலையில் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் போட்டுத் தேயுங்கள். தண்ணீர் கருப்பாக வரும், பயப்பட வேண்டாம். தெளிவாக வரும்வரை தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய விடுங்கள். துணியில் துடைத்து அப்படியே வைத்தால் அரைமணி நேரத்தில் மறுபடி செம்மண் நிறத் துரு வந்துவிடும். எங்கள் மலை ஈரத்தில் கால்மணி நேரமே போதும்.

இரண்டாம் நாள், வடித்த கஞ்சியை ஊற்றி அரைநாள் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, நல்லெண்ணெய் மெல்லிசாகத் தடவுங்கள். எண்ணெய் தேங்கக் கூடாது, தேங்கினால் பிசுபிசுவென்று பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் கல்லைச் சூடாக்கி, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்து, லேசாகப் புகை வரும்வரை வைத்து, ஆறவிட வேண்டும். ஐந்தாம் நாள் ஒரு தோசை ஊற்றிப் பாருங்கள். ஒட்டும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எண்ணெய், வெங்காயம். ஏழாம் நாள் தோசை தானாக ஓரம் தூக்கிக்கொண்டு வந்தால் கல் பழகிவிட்டது.

கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: சோப்பு வேண்டாம், தினமும் பயன்படுத்து, இதில் சப்பாத்தி சுட்டால் அடுத்த தோசை ஒட்டும். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஒரு வார உழைப்பு ஒரே நாளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரில் போய்விடும். நான் அப்பத்தாவின் பெயரைக் கல்லின் கைப்பிடியில் வெட்டி வாங்கலாமா என்று யோசித்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர் இரும்பில் மாட்டேன் என்றுவிட்டார். நல்லதுதான், தோசைக்குப் பெயர் எதற்கு.

காப்பி

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை எல்லாம் காப்பித் தோட்டப் பகுதி. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்புறம் பதினைந்து செடி. செடி இல்லாதவர்கள் தெரிந்த தோட்டத்தில் வறுக்காத கொட்டையாகக் கால் கிலோ வாங்கி, வறுப்பதிலிருந்து தொடங்கலாம்.

நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்தால் குடிக்கும்போது நாக்கில் பிடிக்கும். பழத்தைப் பிதுக்கி, வழவழப்போடு இருக்கும் கொட்டையை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வையுங்கள். குளிர்காலத்தில் ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் ஆகும். எடுத்துக் கையில் தேய்த்துப் பாருங்கள். வழுக்காமல், மணலைத் தேய்ப்பதுபோல் நறநறவென்றால் கழுவிவிடலாம். அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை ஏறும். கழுவியதைப் பாயிலோ துணியிலோ பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். மார்கழி மேகமூட்டத்தில் இரண்டு வாரம்கூட இழுக்கும். இரவில் கட்டாயம் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி பட்டால் பூஞ்சை. காய்ந்ததை உரலில் மெதுவாகக் குத்தி, முறத்தில் புடைத்தால் மேல்தோல் பறந்துவிடும். மொத்தத்தில் ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை கிடைக்கும். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு யார் வீட்டிலும் டம்ளரில் காப்பி மிச்சம் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

வறுப்பது கனமான இரும்புச் சட்டியில். கால் கிலோவுக்கு மேல் ஒரே ஈட்டில் போடாதீர்கள். மிதமான தீ, கை நிற்கக் கூடாது. பச்சை முதலில் வைக்கோல் நிறமாகும், அப்போது வேகவைத்த பயறு மாதிரி ஒரு வாசனை. பிறகு பழுப்பாகி, பத்து நிமிடத்துக்கு மேல் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு ஓய்ந்ததும் நிறத்தைப் பாருங்கள். புளியங்கொட்டை நிறம் சரி. கரிக்கட்டை நிறத்துக்குப் போனால் வறுத்தவரின் கவனக்குறைவு மட்டும்தான் ருசிக்கும். உடனே முறத்தில் கொட்டி விசிறி ஆறவைக்க வேண்டும், சட்டியிலேயே விட்டால் சூட்டில் இன்னும் கருகும். வறுத்த கொட்டையிலிருந்து ஒரு நாள் காற்று வெளியேறும், ஆகையால் அன்றே இறுக்கி மூடாமல் மறுநாள் டப்பாவில் அடையுங்கள்.

இப்போது மயில் கேள்வி. வாங்குபவர் வீட்டில் ஃபில்டர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு பருத்தித் துணி வடிகட்டியைத் தைத்துக் கூட வையுங்கள். அரைக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே அரைத்துக் கொடுங்கள். பொடியாக்கினால் மணம் சீக்கிரம் போய்விடும், இரண்டு வாரத்தில் குடித்துவிடும் அளவுக்கு, நூறு நூற்றைம்பது கிராம் போதும். டப்பாவின் மேல் வறுத்த தேதியை எழுதுங்கள். கடைப் பொட்டலத்தில் அந்தத் தேதியை எல்லாரும் போடுவதில்லை.

பூண்டு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டிப் பக்கம் விளைகிறது. பூண்டைத் தண்டோடு கட்டிப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டு வைப்பது அங்கே பழைய வழக்கம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பூண்டு நல்லது, பால் ஊறும் என்று நம் வீடுகளில் நம்பிக்கை. ஆகவே ஒரு கிலோ மலைப்பூண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன், முதல் தடவை.

யார் உரிப்பது? கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டில் ஒரு கிலோ பூண்டு உரிப்பதற்கு யாருக்கு நேரம்? இரண்டாவது தடவை கால் கிலோ மட்டும் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேன். ஒரு மணிநேரம் பேச்சுத் துணையும் ஆயிற்று. அந்த வீட்டுப் பெண் பேறுகாலத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான் என்று அவள் மாமியார் சொன்னார்.

ஒரு எச்சரிக்கை. உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து, பார்க்க அழகாக இருக்கிறதே என்று பாட்டிலில் அடைத்துப் பரிசாகக் கொடுக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும், வாடையிலோ நிறத்திலோ தெரியாது. வெறுமனே உரித்துக் கொடுத்து, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கச் சொல்லுங்கள்.

செடி

என் பழைய தவறு காரணமாக இதில் கொஞ்சம் கறார். மலைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு மட்டும் ஜெரேனியம், ரோஸ்மேரி, ஹைட்ராஞ்சியா. சமவெளிக்காரர்களுக்குக் கற்பூரவல்லி, மருதாணி, துளசி, கறிவேப்பிலைக் கன்று. இவை மலையிலிருந்து வந்த அதிசயம் இல்லைதான், ஆனால் உயிரோடு இருக்கும்.

விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக, கணுவுக்குக் கீழே கூர்மையான கத்தியால் தண்டை வெட்டுங்கள். அடி இலைகளை எடுத்துவிடுங்கள். மணலும் மட்கிய தொழுஉரமும் மண்ணும் கலந்து, பழைய தகர டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு நடுங்கள். ஜெரேனியம் தண்டை மட்டும் வெட்டிய உடனே நடாமல், நிழலில் சில மணிநேரம் வெட்டுவாய் உலர விட்டு நட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். ஜெரேனியம் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும், ரோஸ்மேரி இரண்டு மாதம்கூட எடுக்கும். ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் நான்கு நடுங்கள்.

ஹைட்ராஞ்சியாவில் ஒரு வேடிக்கை உண்டு. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியச் சத்தை வேர் இழுப்பதால் பூ நீலமாகும். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். பக்கத்து ஊர்த் தோழிக்குப் பதியன் கொடுத்துவிட்டு, அவள் வாசலில் என்ன நிறம் வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்தோம். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒருமாதிரி கத்தரிப்பூ நிறம்.

காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பாசி, ஆர்க்கிட், பெரணி, எதுவும். இந்த மலைக் காடுகளில் ஒரு பெரிய பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, செடியைப் பிடுங்கினால் வழக்கு. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது கைநிறையப் பறித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் காத்திருந்த பூ, வண்டி வத்தலக்குண்டு சேர்வதற்குள் வதங்கியிருக்கும். அடுத்தது 2030. அப்போது ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள், அதுவே பரிசு.

மப்ளர், யாருக்கு?

மதுரைக்காரருக்கு இல்லை என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலை நான்கு மணிக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் வண்டி ஓட்டுபவர், பால் ஊற்றுபவர், இரவுக் காவலாளி, இவர்களுக்குத்தான். நம் வீட்டுக்குத் தினமும் ஏதோ செய்கிறவர்களுக்கு நாம் தீபாவளிக்குக் காசைத் தவிர எதுவும் கொடுத்திருக்க மாட்டோம். காசைக் குறைத்துவிட்டு மப்ளர் கொடுக்காதீர்கள். காசும் கொடுத்து இதையும் கொடுங்கள்.

நான்காம் அளவு ஊசியில், அதாவது நான்கு மில்லிமீட்டர், நடுத்தரக் கனமுள்ள நூலில் நாற்பது கண்ணி போட்டு, திரும்பத் திரும்ப ஒரே ப்ளெயின் பின்னல். இருநூறு கிராம் நூலில் ஒன்றரை மீட்டர் நீளம் வரும். நூல் சொரசொரப்பாக இருந்தால் கழுத்தில் அரிக்கும், வாங்கும்போது கன்னத்தில் உரசிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. அடர்நிறம் நல்லது, தொழிலுக்குப் போகிறவர் தினமும் துவைக்க முடியாது.

காகிதப் பரிசுகள்

போனோடு போட்டோ போன வீட்டுக்கு, மற்ற உறவினர்களின் போனில் இருக்கும் படங்களைக் கேட்டு வாங்கி, பத்துப் பதினைந்தைத் தேர்ந்து பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். பின்பக்கம் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலில் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும்.

தபால் அட்டை இன்னும் ஐம்பது பைசாதான். வெளியூரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மாதம் ஒன்று போடலாம். "நலம், நலமறிய ஆவல்" என்று இடத்தை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுங்கள்: இன்று பனி எவ்வளவு இறங்கியது, காட்டெருமை யார் வீட்டு வேலியை உடைத்தது, பேரிக்காய் மரத்தில் எத்தனை காய்.

இன்னொன்று, வீட்டுப் பெரியவரின் சமையல் குறிப்பு. அவரையே கையால் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் என்றால் சொல்லச் சொல்லி, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "கைப்பிடி", "கண்ணளவு", "வாசம் வந்ததும்" என்று சொன்னால் அதைக் கிராமாக மாற்றாதீர்கள்.

படி 4: கட்டுவது

மலையில் பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு அதிகம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு இருபது ரூபாய் வரி என்று வைத்த ஊர் இது. ஜிகினாத் தாளும் செல்லோடேப்பும் வாங்கும் காசு மிச்சம். கிழிந்த பருத்திச் சேலையின் நல்ல பகுதியை முழம் முழமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தால் கட்டுத்துணி ஆயிற்று. அது பிறகு அடுப்படியில் பிடிதுணியாகவும் உதவும். கட்ட வாழைநார். கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள் எல்லார் வீட்டிலும் கிடக்கும், அவையும் ஆகும். என்ன, மேலே வேறு யாரோ மணமக்கள் பெயர் இருக்கும். திருப்பிப் போட்டுத் தையுங்கள்.

படி 5: கொண்டுபோவது

கொண்டை ஊசி வளைவுகளை மறக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலைத் துணியில் சுற்றி நிற்க வையுங்கள். செடியைச் சன்னலோரம் வைக்காதீர்கள். முதல் நாள் இரவே தண்ணீர் விட்டு, மண்ணுக்கு மேல் ஈரத்துணி சுற்றிக் கட்டினால் கொட்டாது. உங்களுக்கு வாந்தி வரும் என்றால் யாராவது கூட வரட்டும், தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்குவது லேசான வேலை இல்லை.

படி 6: கொடுப்பது

"சும்மா, வீட்டில் இருந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று நான்கு வாரம் இரவில் பின்னியதை அந்த ஒரு வாக்கியம் குப்பையாக்கிவிடும். அதேபோல் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா என்ற புராணமும் வேண்டாம். ஏன் இவருக்கு இது என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள். "அன்னைக்குக் காதுக்குள்ள காத்து போகுதுன்னு சொன்னீங்கல்லண்ணே, அதான்." பால்காரர் அண்ணன் மப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்போது சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே நின்றார். அவர் அதைச் சொன்னது எட்டு மாதத்துக்கு முன்னால்.

உடனே பதிலுக்கு எதையாவது எடுத்து நீட்டுவார்கள், நம் ஊர் வழக்கம் அது, வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அத்தை வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த முருங்கைக்காய்களைக் கணக்கிட்டால் என் பரிசுக் கணக்கு எப்போதோ லாபத்துக்கு வந்துவிட்டது.

படி 7: மறுபடியும் நோட்டு

திரும்பி வந்ததும் எழுத வேண்டும். கொடுத்தது என்ன, அடுத்த முறை போனபோது அது எங்கே இருந்தது. பயன்பாட்டில் இருந்ததா, ஷோகேஸில் இருந்ததா, காணவே இல்லையா. காணாமல் போனதைப் பற்றிக் கேட்காதீர்கள், எழுதிக்கொண்டால் போதும்.

என் நோட்டில் அத்தையின் பக்கத்தில் முதல் வரி ஹைட்ராஞ்சியா, குறுக்கே அடித்திருக்கிறேன். அதன் கீழே காப்பிப்பொடி, அதற்கு ஒரு டிக். கடைசியாகப் போனபோது எழுதியது இது: கண்ணாடி மாற்றியும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பட்டன் தைக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்கிறார். தை மாதம் போகும்போது ஒரு துண்டுப் பழைய துணியில், கருப்பும் வெள்ளையும் சிவப்புமாக, இருபது ஊசி கோத்துக் குத்தி எடுத்துப்போக வேண்டும்.